பழைய கமராவைப் பரணில் ஏற்றாதீர்கள்

தைப்பொங்கலை முன்னிட்டு வீட்டைத் துப்புரவு செய்யும் நாளிலே, அலுமாரியின் மேற்றட்டிலிருந்து எத்தனையோ பண்டங்கள் வெளிப்படும். முனை மழுங்கிய பாக்குவெட்டி, மூடி தொலைந்த செம்பு, ஓடாத மணிக்கூடு ஆகியவற்றின் நடுவே இக்காலத்தில் இன்னொரு பொருளும் அகப்படுகின்றது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆசையோடு வாங்கிய டிஜிட்டல் கமராவே அது. "கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். தக்க விடை தெரியாமையாற் பெற்றோரும் அதனைத் துணியிற் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகின்றனர்.

நானும் அவ்வாறு செய்தவனே. என் கமராவையும் அதனால் எடுத்த படங்களையும் காலங்கடந்தவை என்று ஒதுக்கியிருந்தேன். அக்கருத்துத் தவறு என்பதை உன்னிச்சையைச் சேர்ந்த ஒரு தாயின் படம் எனக்கு உணர்த்திற்று. பழைய கமராக்கள் பதிவுசெய்த ஒளியிற் பெரும்பகுதி, அக்காலத்து மென்பொருள்களால் வெளிக்கொணரப்படாமல், இன்னும் கோப்புகளுக்குள் உறங்கிக்கிடக்கின்றது. இன்றைய மென்பொருள்கள் அதனை எழுப்பவல்லன. ஆயினும், உள்ளதை எழுப்புவது வேறு. இல்லாததைப் புனைவது வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிதல் எத்துணை அவசியம் என்பதையே இக்கட்டுரையிற் கூற விழைகின்றேன்.

முற்றத்தில் எடுத்த படம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், மேற்கே அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். படுவான்கரையின் உட்புறத்தே, வயலும் காடும் சூழ அமைந்தது உன்னிச்சை. அங்குள்ள குளத்து நீரே வயல்களுக்குப் பாய்கின்றது. மட்டக்களப்பு நகரத்தார் இன்று பருகும் குழாய்நீரும் அக்குளத்திலிருந்தே வருகின்றது.

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சிறுபோக அறுவடைக் காலத்தில், உடன் ஆசிரியர் ஒருவரோடு அவ்வூருக்குச் சென்றிருந்தேன். அக்காலத்தில் என்னிடம் ஏறக்குறைய 60 இலட்சம் புள்ளிகளைப் பதிவுசெய்யும் நிக்கோன் டி40 கமரா ஒன்று இருந்தது. கைமாறி வந்த பொருளாயினும் அதனைப் பிள்ளைபோற் பேணினேன். பொழுது சாயும் வேளையில், ஒரு வீட்டின் முற்றத்தில், வயது முதிர்ந்த தாய் ஒருவர் சுளகினால் நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கமராவைக் கண்டதும் அவர் சிரித்தார்.

"இந்தக் கோலத்திலயா மனே படம் புடிக்கப்போறாய்?" என்றார்.

அந்தச் சிரிப்பிலே ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் போதாமையால் படம் இருண்டிருந்தது. கமராவின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 1600 வரை உயர்த்தியிருந்தமையால், முகமெங்கும் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தெரிந்தன. பயன்படாத படம் என்றெண்ணி, மற்றவற்றோடு இறுவட்டில் ஏற்றிவைத்து மறந்துவிட்டேன்.

2024ஆம் ஆண்டில் அத்தாய் காலமானார். அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். 2007ஆம் ஆண்டுப் போரின்போது படுவான்கரை மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தமை வாசகர்கள் அறிந்ததே. அக்குடும்பத்தின் படப் புத்தகங்களும் அப்போது அழிந்தன. பின்னர் அத்தாய்க்கு எடுக்கப்பட்ட தனிப்படம் அடையாள அட்டைக்குரியது ஒன்றே. முப்பத்தோராம் நாட் கிரியைக்கு முன் சுவரில் மாட்டத்தக்க படம் ஒன்று வேண்டும் என்பதே மகளின் வேண்டுகோள்.

2010இல் நான் அச்சிட்டுக் கொடுத்திருந்த சிறிய பிரதி ஒன்று அவர்களிடம் இருந்தது. பேரப்பிள்ளை அதனைக் கைத்தொலைபேசியால் மீண்டும் படம் பிடித்து, முகங்களைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் ஒரு செயலியிடம் ஒப்படைத்திருந்தான். நொடிப்பொழுதில் அது ஓர் அழகிய முகத்தைக் கொடுத்துவிட்டது. புள்ளிகள் இல்லை, சுருக்கங்கள் இல்லை. நிறமும் வெளுத்திருந்தது. இடப்புருவத்தின் மேல் அத்தாய்க்கு இருந்த பழைய காயத்தின் தழும்பும், தோடு இழுத்துத் தாழ்ந்த காதும் மறைந்திருந்தன.

மகள் அந்தப் படத்தை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு சேர். ஆனா இது எங்கட அம்மா இல்ல."

குளமும் வானும்

மகளை அனுப்பிவிட்டுப் பழைய இறுவட்டுகளைத் தேடினேன். இரண்டிற் பிரதி செய்திருந்தேன். ஒன்று முற்றாகப் பழுதடைந்திருந்தது, மற்றது திறந்தது. அதனுள்ளே அப்படத்தின் மூலக்கோப்பு இருந்தது. அக்கோப்பின் பெருமையை அறிய, கமரா வேலைசெய்யும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேகரிக்கும் சி.சி.டி. என்னும் சில்லை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் உருவாக்கினர். அதற்காக 2009ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் முதலாவது டிஜிட்டல் கமராவை அமைத்தார். பதினாயிரம் புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அவ்வழியில் வந்ததே என் கமராவும்.

சில்லிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சிறு குளமாக எண்ணுக. ஒளி மழையாகப் பெய்ய, ஒவ்வொரு குளத்திலும் நீர் தேங்குகின்றது. எவ்வளவு நீர் தேங்கிற்று என்பதை அளந்து எழுதினால் அதுவே படம். மாரியில் உன்னிச்சைக் குளம் நிறைந்து வான் பாயும்போது, வழிந்த நீர் எவ்வளவு என்பதைக் குளத்தைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது. அவ்வாறே மிகையான வெயிலில் வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. நீர் குறைந்த இடமாகிய இருள் அத்தன்மையதன்று. அடியிற் கிடக்கும் சிறிதளவு நீரையும் தக்க கருவியால் மொண்டெடுக்கலாம்.

என் கமரா அந்த நீர்மட்டத்தை 4096 படிகளாக அளந்து மூலக்கோப்பில் எழுதுகின்றது. கமராவின் அமைப்புப் பட்டியலில் 'றோ' என்று காணப்படுவது இதுவே. ஜேபெக் என்னும் வழக்கமான கோப்பில் 256 படிகளே உண்டு. கமரா தானே ஒரு முடிவுக்கு வந்து, மீதியைக் கழித்துவிட்டுத் தருவது ஜேபெக். அளந்த அனைத்தையும் கழிக்காமல் ஒப்படைப்பது றோ.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மாத்திரமே அளக்கின்றது. மற்றை இரண்டையும் அயற்புள்ளிகளைக் கொண்டு மென்பொருளே கணக்கிடுகின்றது. 2006ஆம் ஆண்டுக் கமராவுக்குள் இருந்த சிறு கணினி அவசரமாகச் செய்த அக்கணக்கை, இன்றைய கணினி ஆறுதலாகவும் நுட்பமாகவும் மீளச் செய்கின்றது. கமரா பழையதாயினும் கணக்குப் புதியது. தெளிவு கூடுவதன் இரகசியம் இதுவே.

சந்திரனிலிருந்து ஒரு சான்று

பழைய பதிவிலிருந்து புதிய தெளிவு பிறக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. மனிதரை இறக்குதற்குரிய இடங்களைத் தெரிவுசெய்யும்பொருட்டு, 1966, 1967ஆம் ஆண்டுகளில் நாசா நிறுவனம் 'லூனர் ஓர்பிட்டர்' என்னும் ஐந்து விண்கலங்களைச் சந்திரனுக்கு அனுப்பிற்று. அவை படச்சுருளில் எடுத்த படங்களைத் தம்முள்ளேயே கழுவி, வானொலி அலைகளாகப் பூமிக்கு அனுப்பின. 1966 ஆகஸ்ட் 23ஆந் தேதி, சந்திரனின் விளிம்புக்கு அப்பால் நம் பூமி தோன்றும் காட்சியும் அவ்வாறு வந்தது. அந்நாளில் உலகம் கண்டது கோடுகள் நிறைந்த, தெளிவற்ற பிரதியையே.

அந்த அலைகளைப் பதிந்த காந்த நாடாக்கள் அழியாமற் காக்கப்பட்டன. அவற்றை இயக்கும் பாரிய இயந்திரங்களை, நாசாவின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் தமது வீட்டு வாகனக் கொட்டகையிற் பல ஆண்டுகள் பேணிவைத்திருந்தார். பின்னர் கலிபோர்னியாவில், மூடப்பட்ட உணவகம் ஒன்றையே தொழிற்கூடமாகக் கொண்டு, ஒரு குழுவினர் அவ்வியந்திரங்களைப் பழுதுபார்த்து நாடாக்களை மீண்டும் படித்தனர். 2008ஆம் ஆண்டு நவம்பரில் அதே பூமியின் காட்சி முன்பு எவரும் காணாத தெளிவோடு வெளிவந்தது. அத்தெளிவு 42 ஆண்டுகளாக நாடாவிலேயே இருந்தது. ஓர் அம்மையார் பழைய பொருளை எறியாமல் வைத்திருந்தமையால் அது உலகுக்குக் கிடைத்தது.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை

நிற்க. சந்திரனை விட்டு நம் வீட்டுக் கணினிக்கு வருவோம். என் அனுபவத்திற் கண்ட முறைகளை ஒழுங்காகக் கூறுகின்றேன்.

முதலாவதாக, மூலக்கோப்பை ஒருபோதும் மாற்றலாகாது. பிரதி செய்து, பிரதியிலேயே வேலைசெய்க. அடோபியின் லைட்ரூம், விலையின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள், றோதெரபி ஆகியவை மூலத்தைத் தொடாமல், நாம் செய்த மாற்றங்களை மாத்திரம் தனியே குறித்துவைக்கும். டார்க்டேபிளும் றோதெரபியும் என் போன்ற ஆசிரியருக்கும் மாணவருக்கும் பெரும் வரப்பிரசாதம்.

இரண்டாவது, நிறச் சமநிலை. மாலை நிழலில் எடுத்த படத்தில் நீலம் படர்ந்திருக்கும். அத்தாய் உடுத்திருந்த வெள்ளைச் சேலையை அளவாகக் கொண்டு அதனைத் திருத்தினேன். முகத்துக்கு அதன் இயல்பான கருமை திரும்பிற்று.

மூன்றாவது, ஒளி. மொத்தமாக வெளிச்சத்தைக் கூட்டாமல், நிழற்பகுதிகளை மாத்திரம் மெதுவாக உயர்த்துக. ஒரேயடியாக உயர்த்தினால், இருளில் ஒளிந்திருந்த புள்ளிகள் யாவும் ஒருங்கே புறப்பட்டுவிடும்.

நான்காவது, அப்புள்ளிகளை நீக்கல். முற்காலத்து மென்பொருள்கள் புள்ளியையும் தோலின் நுண்மையையும் வேறுபடுத்த அறியாமல் இரண்டையும் சேர்த்து மழுப்பிவிடும். டார்க்டேபிள், குறித்த கமரா குறித்த உணர்திறனில் எவ்வளவு புள்ளிகளை உண்டாக்கும் என்ற அளவுக் குறிப்பைக் கொண்டு அவற்றைக் களைகின்றது. 2023ஆம் ஆண்டில் லைட்ரூமிற் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு முறையோ, எண்ணிறந்த படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டு இவ்வேலையைச் செய்கின்றது. எதைக் கையாண்டாலும் முழு வலிமையோடு கையாளற்க. பாதி அளவே பெரும்பாலும் போதும். அதற்கு மேற்சென்றால் முகம் மெழுகுப் பொம்மையாகும்.

ஐந்தாவது, பெரிதாக்கல். என் கமராவின் படம் 3008க்கு 2000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் அகலம் பத்து அங்குலம், உயரம் ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேல். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு இதனினும் பெரிதாக அச்சிடினும் குறையில்லை. 2021ஆம் ஆண்டில் அடோபி வெளியிட்ட ஒரு முறை, நீளத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கி 60 இலட்சத்தை 240 இலட்சமாகத் தருகின்றது. கூர்மையாக்கலை எல்லாவற்றுக்கும் இறுதியில், அச்சிடும் அளவு முடிவான பின்னரே செய்க.

றோ இல்லை, ஜேபெக் மாத்திரமே உள்ளது என்போரும் மனந்தளர வேண்டியதில்லை. திருத்தத்துக்கு இடம் குறைவே எனினும் உண்டு. ஆனால், செய்திச் செயலி வழியாகக் கைமாறிக் கைமாறிச் சுருங்கிய பிரதியை விடுத்து, கமராவிலிருந்து நேரே வந்த கோப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

பழைய கமராவால் இன்று புதிதாகப் படம் எடுக்க விரும்புவோர், வெளுப்பு எங்கும் வான் பாயாதவாறு ஒளியைச் சிறிது குறைத்து, றோவில் எடுக்க. உணர்திறன் எண்ணைத் தாழ்வாக வைத்து, மங்கிய வெளிச்சத்தில் முக்காலியைப் பயன்படுத்துக. 2006ஆம் ஆண்டுக்கு முந்திய எஸ்.டி. அட்டைக் கமராக்கள் 2 கிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டைகளைப் பொதுவாக ஏற்கமாட்டா என்பதையும் மறவற்க. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே, ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவையும் தாண்டியபோது, புதிய கமரா என்பது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாததாயிற்று. உள்ளதைக் கொண்டு நல்லது செய்யக் கற்பது நமக்கு இன்றியமையாததாகும்.

பொய்முகம்

இனி, அந்தப் பேரப்பிள்ளையின் செயலி செய்தது யாது என்பதை ஆராய்வோம். சிறிய பிரதியில் முகத்துக்குரிய புள்ளிகள் மிகச் சிலவே இருந்தன. தழும்பைக் காட்டப் போதிய தரவு அங்கு இல்லை. செயலி வெற்றிடத்தை விட விரும்பாமல், தான் முன்பு கண்ட பல முகங்களின் சாயலால் அதனை நிரப்பிற்று. ஆகவே அது கொடுத்தது எவருடைய முகமுமன்று.

இது எங்கள் வீட்டு அனுபவம் மாத்திரமன்று. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் 'பல்ஸ்' என்னும் முறையொன்றை வெளியிட்டனர். மங்கிய முகத்துக்குப் பொருந்தக்கூடிய தெளிவான முகமொன்றைக் கற்பித்துக் காட்டுவது அது. ஒருவரை அடையாளங் காண்பதற்கு அது உதவாது என்பதை அவர்களே கூறியிருந்தனர். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் மங்கிய படத்தை அதனிடம் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. உலகறிந்த தலைவரின் முகத்துக்கே இக்கதி நேருமாயின், உன்னிச்சைத் தாயின் முகத்தை அது எங்ஙனம் அறியும்?

கருமையை வெளுப்பாக்குதலை அழகென்று கருதும் வழக்கம் நம் படப்பிடிப்பு நிலையங்களிலும் நெடுநாளாக உண்டு. மணப்பெண்ணின் படத்தில் அதனைச் சிரித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கின்றோம். மறைந்தவரின் படத்தில் அது பொறுக்கத்தக்கதன்று. நாளை பேரரும் பூட்டரும் அறியப்போகும் முகம் அதுவே. தழும்பைத் துடைத்தால் அந்தத் தழும்பின் கதையும் துடைக்கப்படும்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும், நீண்ட போரிலும் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் இழந்த படங்கள் எண்ணிலடங்கா. எஞ்சியவை சிலவே. அச்சிலவற்றைத் திருத்துவோர், மூலத்தைத் தனியே பேணி, திருத்திய பிரதி எது என்பதைக் குறித்துவைத்தல் கடமையாகும். இறுவட்டை மாத்திரம் நம்பாமல், வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகளாவது வைத்திருத்தல் நலம். என் இரண்டு இறுவட்டுகளில் ஒன்று கைவிட்டது. மற்றதும் கைவிட்டிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை.

சுவரில் மாட்டிய படம்

மூன்று இரவுகள் அம்மூலக்கோப்போடு இருந்தேன். இருள் விலக விலக, அந்தத் தழும்பு மெல்லத் தெரிந்தது. தாழ்ந்த காது தெரிந்தது. நரைமயிரிற் படிந்த உமித்தூசியும் தெரிந்தது. புள்ளிகள் முற்றாக நீங்கவில்லை. நீக்க முயன்றபோது கண்களைச் சுற்றிய சுருக்கங்களும் உடன் நீங்கின. ஆதலால் சிறிது புள்ளியை அவ்வாறே விட்டுவிட்டேன்.

ஒன்றை மாத்திரம் என்னால் மீட்க முடியவில்லை. மங்கிய வெளிச்சத்திற் கமராவின் கதவு நெடுநேரம் திறந்திருந்தமையால், சுளகைப் பிடித்த கைகள் அசைந்து கலங்கியிருந்தன. அவற்றைப் புதிதாக வரைந்து கொடுக்க மென்பொருள் ஆயத்தமாகவே இருந்தது. நான் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

படத்தைச் சட்டமிட்டு உன்னிச்சைக்கு எடுத்துச்சென்றேன். மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியின் மேல், அந்தத் தழும்பு இருந்த இடத்தில் விரலை வைத்தார். கைகள் தெளிவில்லாமைக்கு நான் வருத்தம் தெரிவித்தேன்.

"அத விடுங்க சேர்," என்றார் அவர். "அம்மாட கை எப்ப சும்மா இருந்தது?"

அருகில் நின்ற பேரப்பிள்ளை என் கமராவை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "இது இன்னும் வேலை செய்யுதா சேர்?" என்று கேட்டான். புதிய மின்கலம் ஒன்று போட்டிருந்தேன். றோவில் எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். முற்றத்தில் தன் தாயை நிறுத்தி, மேற்கே சாய்ந்துகொண்டிருந்த வெயில் முகத்திற் படுமாறு அவன் ஒரு படம் எடுத்தான்.

வாசகர்கள் தத்தம் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.